வீட்டில் கற்கும் பிள்ளைக்கு எந்தப் பாடத்திட்டம் ஏற்றது?



"சாமி, பிள்ளையை வீட்டுலயே வச்சுப் படிக்க வைக்கலாம்னு பாக்குறோம். எந்தப் பாடத்திட்டம் நல்லது? எந்தப் புத்தகம் வாங்கணும்?" என்று கேட்கும் பெற்றோர் இன்று பல பங்குகளில் இருக்கிறார்கள். கேள்வி ஒன்றுதான், காரணங்கள் வேறு வேறு. ஒரு வீட்டில் பிள்ளைக்கு நீண்ட நாள் நோய். இன்னொரு வீட்டில் நடக்க முடியாத பிள்ளை. வேறொரு வீட்டில் ஒன்பதாம் வகுப்போடு நின்றுபோன பெண் பிள்ளை. பெற்றோர் இருவரும் ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறிப் போகும் குடும்பங்களும் உண்டு. பள்ளியின் போட்டியும் அடியும் பிள்ளைக்கு ஒத்துவரவில்லை என்று நினைக்கும் படித்த பெற்றோரும் உண்டு. வெளிநாட்டில் வாழும் நம் உறவினர்கள் சிலர் வீட்டுக் கல்வியை விரும்பியே தேர்ந்துகொண்டு, அதைப் பற்றி இங்கே உள்ளவர்களிடமும் பேசுகிறார்கள்.

எல்லாரும் முதலில் புத்தகத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஆனால் புத்தகம் கடைசிக் கேள்வி. வீட்டைப் பார்த்துத்தான் பாடத்திட்டத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். பாடத்திட்டத்தை முதலில் வாங்கிவிட்டு, வீட்டை அதற்குள் திணிக்கப் பார்த்தால் இரண்டே மாதத்தில் தாய்க்கும் பிள்ளைக்கும் கண்ணீர்தான் மிஞ்சும். இதைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

1. திருஅவை என்ன சொல்கிறது?

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டு அக்டோபர் 28 அன்று வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, பிள்ளைகளுக்கு முதல் ஆசிரியர்கள் பெற்றோரே என்று தெளிவாகக் கற்பிக்கிறது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981இல் குடும்பம் பற்றி எழுதிய ஊக்கவுரையில், இந்தக் கடமையை முழுவதுமாக வேறு யாரிடமும் ஒப்படைத்துவிட முடியாது என்று நினைவூட்டினார். திருஅவைச் சட்டம் 793உம் பெற்றோரின் இந்த உரிமையையும் கடமையையும் கூறுகிறது.

இதைக் கேட்டதும், "அப்படியானால் வீட்டில் படிக்க வைப்பதுதான் சிறந்த கத்தோலிக்க வழியா?" என்று சிலர் கேட்கலாம். அப்படி அல்ல. பெற்றோருக்குச் சமுதாயம் முழுவதன் உதவியும் தேவை என்றும் அதே சங்க ஏடு சொல்கிறது. பள்ளிக்கு அதில் தனிச் சிறப்பிடம் உண்டு. பிள்ளை பள்ளிக்குப் போனாலும், வீட்டில் படித்தாலும், முதல் பொறுப்பு பெற்றோருடையது என்பதே இதன் பொருள்.

குழந்தை இயேசுவின் புனித தெரேசாவை நாம் அறிவோம். 1877இல் தாயை இழந்த அந்தச் சிறுமிக்கு அக்கா பவுலின் வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்தார். எட்டரை வயதில் பெனடிக்ட் சபைக் கன்னியரின் பள்ளிக்குப் போனார். அங்கே படிப்பில் சிறந்து விளங்கினாலும் மனம் வாடினார். 1886இல், பதின்மூன்று வயதில், தந்தை அவரைப் பள்ளியிலிருந்து நிறுத்தித் தனி ஆசிரியையிடம் பாடம் கற்க ஏற்பாடு செய்தார். 1997இல் திருஅவை அவரை மறைவல்லுநராக அறிவித்தது. அவருடைய பெற்றோர் 2015இல் புனிதர்களாக உயர்த்தப்பட்டார்கள். அந்தக் குடும்பம் வீடு, பள்ளி, தனிப்பாடம் என மூன்றையும் அந்தந்தக் காலத்தில் பிள்ளையின் நிலையைப் பார்த்துப் பயன்படுத்தியது. நாம் கற்றுக்கொள்ள வேண்டியது இந்த நிதானத்தைத்தான்.

2. சட்டம் என்ன சொல்கிறது?

இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரை உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் அது பொருந்தும். பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10ஆம் பிரிவு கூறுகிறது. தவறும் பெற்றோருக்குத் தண்டனை எதுவும் அந்தப் பிரிவில் எழுதப்படவில்லை. வீட்டுக் கல்வி என்ற பெயரில் தனி ஏற்பாடும் அச்சட்டத்தில் வகுக்கப்படவில்லை.

ஒரு முக்கிய விதிவிலக்கு உண்டு. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, கடுமையான குறைபாடோ பல குறைபாடுகளோ உள்ள பிள்ளை வீட்டிலிருந்தே கல்வி பெறும் உரிமை பெற்றிருக்கிறது. அப்படிப்பட்ட பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், தனியாகத் தவிக்க வேண்டாம். அருகிலுள்ள அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியரையோ, ஒன்றியத்தின் வட்டார வள மையத்தையோ அணுகிச் சிறப்புப் பயிற்றுநரின் உதவியைக் கேளுங்கள். அது சலுகை அல்ல, உரிமை.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். "வீட்டில் படிக்கிறான்" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தோட்டத்துக்கோ, இலவங்காய் உடைக்கவோ, ஆடு மேய்க்கவோ அனுப்புவது வீட்டுக் கல்வி ஆகாது. 2016இல் திருத்தப்பட்ட சட்டம் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்கிறது. பள்ளி நேரம் போக, குடும்பத் தொழிலில் ஆபத்தில்லாத சிறு உதவி செய்வதற்கு விலக்கு உண்டு. பெண் பிள்ளையை வீட்டு வேலைக்கும் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவும் நிறுத்திவிட்டு அதற்குப் படிப்பு என்று பெயர் வைப்பதும் அநீதியே.

3. பள்ளியை விடுமுன் கணக்குப் பாருங்கள்

பள்ளியில் கிடைப்பது பாடம் மட்டுமல்ல. அரசுப் பள்ளியில் இலவசப் புத்தகம், சீருடை, மதிய உணவு உண்டு. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்ட காலை உணவுத் திட்டத்தால் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவும் கிடைக்கிறது. விடியுமுன் ஜீப் ஏறி வேலைக்குப் போகும் பெற்றோருக்கு, பிள்ளை பகல் முழுவதும் பாதுகாப்பான இடத்தில், வயிறு நிறைந்து, நண்பர்களோடு இருக்கிறது என்பது சிறிய ஆறுதல் அல்ல.

ஆகவே நம் பகுதியில் பெரும்பாலான குடும்பங்களுக்குப் பள்ளியே நல்லது என்பது என் உறுதியான எண்ணம். பள்ளியில் பிரச்சினை என்றால், முதலில் ஆசிரியரிடம் பேசுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் சொல்லுங்கள். தேவையானால் பள்ளியை மாற்றுங்கள். இவை எதுவும் இயலாதபோதும், பிள்ளையின் உடல்நிலையோ மனநிலையோ வேண்டும்போதும், வீட்டில் அதற்கான ஆள்பலம் உண்மையிலேயே இருக்கும்போதும் வீட்டுக் கல்வியை யோசிக்கலாம்.

4. கொரோனா காலம் கற்பித்த பாடம்

2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள் ஒன்று முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக எல்லா வீடும் பள்ளியாக இருந்தது. 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி இருந்தது. கைப்பேசி வைத்திருந்த வீடுகளில் இணைய வகுப்பு நடந்தது. புத்தகம் எல்லாப் பிள்ளைகளிடமும் ஒரே புத்தகம்தான். ஆனாலும் சில பிள்ளைகள் வளர்ந்தார்கள். சிலர் எழுத்தையே மறந்தார்கள்.

குறிப்பிட்ட நேரத்தில் பக்கத்தில் உட்கார ஒருவர் இருந்தாரா என்பதைப் பொறுத்துத்தான் இந்த வேறுபாடு வந்தது. அது தாயாக இருக்கலாம், கல்லூரியில் படிக்கும் அக்காவாக இருக்கலாம், ஓய்வு பெற்ற தாத்தாவாக இருக்கலாம். தமிழக அரசு 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டமும் இதையே செய்தது. ஊரிலேயே இருக்கும் ஒரு தன்னார்வலர், ஏறத்தாழ 20 பிள்ளைகள், மாலையில் ஒன்றரை மணி நேரம். பெரிய கட்டடமோ விலை உயர்ந்த புத்தகமோ இல்லை. நிலையான ஓர் ஆளும் நிலையான ஒரு நேரமும் இருந்தன. வீட்டுக் கல்விக்கும் இவை இரண்டுமே அடித்தளம்.

5. புத்தகம் வாங்குமுன் ஐந்து கேள்விகள்

கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து, ஒரு தாளில் எழுதிப் பதில் காணுங்கள்.

முதலாவது, யார் சொல்லிக்கொடுப்பது? பெயரை எழுதுங்கள். "நாங்க எல்லாரும்" என்றால் யாரும் இல்லை என்று அர்த்தம். அந்த ஒருவர் எட்டாவது வரை படித்தவர் என்றால், அவரால் ஐந்தாம் வகுப்புக் கணக்கை நன்றாகச் சொல்லிக்கொடுக்க முடியும். பத்தாம் வகுப்பு அறிவியலுக்கு வேறொருவர் வேண்டும்.

இரண்டாவது, எத்தனை மணி நேரம்? வீட்டில் ஒருவர் ஒரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும்போது பள்ளி நேரம் முழுவதும் தேவையில்லை. சிறு பிள்ளைக்கு இரண்டு மணி நேரம் உருப்படியாக நடந்தால் நல்லது. வேலை மிகுந்த பருவத்திலும் அந்த இரண்டு மணி நேரம் கிடைக்குமா என்று பாருங்கள். ஏலக்காய் பறிப்புக் காலத்தில் நின்றுபோகும் படிப்பு, மறுபடி எளிதில் எழும்புவதில்லை.

மூன்றாவது, எந்த மொழி? சொல்லிக்கொடுப்பவர் நன்றாக அறிந்த மொழியிலேயே பாடம் இருக்கட்டும். ஆங்கிலப் பாடத்திட்டத்தை வாங்கிவிட்டு, ஆங்கிலம் தெரியாத தாய் அதன் முன் கூசி உட்காரும் வீட்டில் பிள்ளை இரண்டையும் இழக்கும்.

நான்காவது, முடிவில் எந்தத் தேர்வு? பிள்ளை எந்த வாசல் வழியாக வெளியே வரப்போகிறது என்று தெரியாமல் உள்ளே நுழையக் கூடாது.

ஐந்தாவது, செலவு என்ன? கடன் வாங்கி எடுக்கும் பாடத்திட்டம் வேண்டவே வேண்டாம்.

6. நம் முன் உள்ள வழிகள்

அ) தமிழக அரசுப் பாடத்திட்டம். பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களும், 2023இல் வந்த 'மணற்கேணி' செயலியும் உதவும். பள்ளிக்குப் போகாத பிள்ளை பன்னிரண்டரை வயது நிறைந்தபின் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். பதினான்கரை வயது நிறைந்தபின் பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். பத்தாம் வகுப்புக்கு அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். இதைத் தெரியாமல் ஓர் ஆண்டை இழப்பவர்கள் உண்டு. மறுபடி பள்ளிக்குத் திரும்பக் கூடிய பிள்ளைக்கு இதுவே மிகப் பாதுகாப்பான வழி.

ஆ) தேசியத் திறந்தநிலைப் பள்ளி. மத்திய அரசின் இந்நிறுவனம் 1989இல் தொடங்கப்பட்டது. மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்கு இணையான அடிப்படைக் கல்வியும், பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் படிப்புகளும் இதில் உண்டு. பத்தாம் வகுப்புக்குக் குறைந்த வயது 14. தமிழ் வழியிலும் பத்தாம் வகுப்புப் படிக்கலாம். ஐந்து பாடங்களில் தேர்ச்சி பெற்றால் போதும். அவற்றுள் மொழிப்பாடம் ஒன்றோ இரண்டோ இருக்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை பொதுத் தேர்வு நடக்கும். ஒரே தடவையில் எல்லாவற்றையும் எழுத வேண்டியதில்லை. ஐந்து ஆண்டுகளுக்குள் ஒவ்வொன்றாகவும் முடிக்கலாம். நோயுற்ற பிள்ளைக்கும், மெதுவாகக் கற்கும் பிள்ளைக்கும், இடையில் நின்றவர்களுக்கும் இது பெரிய உதவி. ஆனால் பதிவு செய்யுமுன், பிள்ளை பின்னர் சேர விரும்பும் கல்லூரியோ வேலைக்கான அலுவலகமோ இச்சான்றிதழை ஏற்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இ) வெளிநாட்டுப் பாடத்திட்டங்கள். அமெரிக்காவில் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கென்றே வீட்டுக் கல்விப் பாடங்களை அனுப்பும் நிறுவனங்கள் உண்டு. வர்ஜீனியா மாநிலத்தின் 'சீட்டன்' அவற்றுள் ஒன்று. மறைக்கல்வியும் மற்றப் பாடங்களும் அதில் இணைந்தே வருகின்றன. அங்கே வாழும் தமிழ்க் குடும்பத்துக்கு அது பொருந்தலாம். வைகைக் கரையில் வளரும் பிள்ளைக்கு அதன் வரலாறும் மொழியும் அந்நியம். இங்கே எழுத வேண்டிய தேர்வுக்கும் அது நேராக இட்டுச்செல்லாது. உறவினர் அனுப்பிவைத்தார் என்பதற்காக அதை முழுப் பாடத்திட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கதைநூல் போல வாசிக்கத் தரலாம்.

ஈ) மாண்டிசோரி முறை. இது தேர்வுக்கான பாடத்திட்டம் அல்ல, கற்பிக்கும் முறை. இத்தாலியக் கத்தோலிக்கப் பெண்மணியான மரியா மாண்டிசோரி 1939இல் சென்னைக்கு வந்து, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நமக்கு அடுத்த மலையான கொடைக்கானலில் தங்கிப் பிள்ளைகளோடு பணியாற்றினார். கையால் செய்து அறிவதே அவர் வழி. அதற்கு விலை உயர்ந்த பொருள்கள் கட்டாயம் அல்ல. மொச்சையையும் தட்டாம்பயறையும் பிரித்து எண்ணுவது, உழக்கால் அளப்பது, தண்ணீரைச் சிந்தாமல் ஊற்றுவது ஆகியவை ஐந்து வயதுப் பிள்ளைக்கு நல்ல கணக்குப் பாடங்களே.

7. எந்த வீட்டுக்கு எது?

நோயால் ஓராண்டு வீட்டில் இருக்க வேண்டிய ஒன்பது வயதுப் பிள்ளைக்கு: பள்ளிப் பதிவேட்டில் பெயரை எடுக்காதீர்கள். அதே அரசுப் புத்தகங்களைத் தொடருங்கள். தமிழ் வாசிப்பும் கணக்கும் நாள்தோறும் நடக்கட்டும். மற்றவை உடல்நிலைக்கேற்ப நடக்கட்டும். திரும்பிப் போகும்போது பிள்ளை தன் வகுப்பில் அந்நியமாக உணராது.

பருவத்துக்கேற்ப இடம் மாறும் தோட்டத் தொழிலாளர் குடும்பத்துக்கு: பாடத்திட்டத்தை மாற்றாதிருப்பதே பெரிய பாதுகாப்பு. பிள்ளையைப் பாட்டி வீட்டில் விட்டு அதே பள்ளியில் தொடர முடிந்தால் அதுவே முதல் வழி. உடன் அழைத்துப் போக வேண்டியிருந்தால், அங்கே பள்ளியில் சேருங்கள். இடுக்கி மாவட்டத் தோட்டப் பகுதிகளில் தமிழ்வழிப் பள்ளிகளும் உண்டு. நம் பாடநூலும் பையில் இருக்கட்டும்.

ஒன்பதாம் வகுப்போடு நின்ற பதினைந்து வயதுப் பெண் பிள்ளைக்கு: முதலில் பள்ளிக்கே திரும்ப வழி தேடுங்கள். இயலாதபோது பத்தாம் வகுப்புத் தனித்தேர்வோ திறந்தநிலைப் பள்ளியோ உண்டு. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லையென்றால், அன்பியத்தில் கேளுங்கள். ஆசிரியப் பயிற்சி முடித்த பெண்களும் ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் நம் நடுவிலேயே இருக்கிறார்கள். இந்தப் பிள்ளைக்குப் படிப்பு நின்றால் அடுத்த பேச்சு திருமணமாகத்தான் இருக்கும். 18 வயதுக்கு முன் பெண்ணுக்குத் திருமணம் செய்வது குற்றம். அதைவிட, கடவுள் தந்த ஒரு வாழ்வை மொட்டிலேயே கிள்ளுவதாகும். இவளுக்கு ஏற்ற பாடத்திட்டத்தைத் தேடுவதில் ஒரு மாதம் தாமதித்தாலும் அது பெரிய இழப்பு.

8. மறக்கக் கூடாதவை

வீட்டில் கற்கும் பிள்ளை தனிமையில் வளரக் கூடாது. ஞாயிறு மறைக்கல்வி, பீடச்சிறார் குழு, பாடகர் குழு, மாலை விளையாட்டு என ஏதாவது ஒன்றில் அது மற்றப் பிள்ளைகளோடு நாள்தோறும், குறைந்தது வாரந்தோறும், கலந்திருக்கட்டும். மாதம் ஒருமுறை வெளி ஆள் ஒருவர் நோட்டைப் பார்க்கட்டும். பெற்றோரின் கண்ணுக்குத் தெரியாத பின்னடைவு ஆசிரியர் ஒருவரின் கண்ணுக்கு உடனே தெரியும். மூன்று மாதம் நேர்மையாக முயன்றும் பிள்ளை முன்னேறவில்லை என்றால், பாடத்திட்டத்தையோ வழியையோ மாற்றத் தயங்காதீர்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

விசுவாசப் பாடமோ எல்லா வீட்டுக்கும் பொது. வீட்டில் இருக்கும்போதும், வழியில் நடக்கும்போதும், படுக்கும்போதும், எழும்போதும் பிள்ளைகளுக்கு இறைவார்த்தையைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று மோசே மக்களுக்குக் கட்டளையிட்டார் (இணைச்சட்டம் 6:6-7). திமொத்தேயுவின் விசுவாசம் முதலில் பாட்டி லோயியிடமும் தாய் யூனிக்கியிடமும் இருந்தது என்று புனித பவுல் குறிப்பிடுகிறார் (2 திமொத்தேயு 1:5). தமிழ் எழுத்தில் 1578இல் கொல்லத்தில் அச்சான முதல் நூலான 'தம்பிரான் வணக்கம்', எளிய மக்கள் மனப்பாடம் செய்து கற்பதற்கான செபங்களும் மறையுண்மைகளும் அடங்கிய சிறு ஏடுதான். பெரிய பள்ளிகள் வருமுன்னே நம் முன்னோரின் வீடுகளில் இந்தப் பாடம் நடந்தது. அதற்குப் பட்டப்படிப்பு தேவைப்படவில்லை. இரவு உணவுக்கு முன் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு ஒன்றாக அமர்ந்தால் இன்றும் நடக்கும்.

அன்புப் பெற்றோரே, சந்தையில் சிறந்த பாடத்திட்டம் எது என்று தேடி அலைய வேண்டாம். உங்கள் வீட்டில் சொல்லிக்கொடுக்கும் ஆள், கிடைக்கும் நேரம், பேசும் மொழி, பிள்ளை எழுதப்போகும் தேர்வு, கையில் உள்ள பணம் ஆகிய ஐந்துக்கும் எது பொருந்துகிறதோ அதுவே உங்கள் குடும்பத்துக்குச் சிறந்தது. பொருந்தவில்லை என்றால் பள்ளியின் கதவு திறந்தே இருக்கிறது. நாசரேத்தூர் வீட்டில் ஞானத்திலும் வயதிலும் வளர்ந்த இயேசு, உங்கள் பிள்ளைகளோடும் உங்களோடும் இருந்து வழிநடத்துவாராக!